வவுனிக்குளமும் வெரோனாச் சுவடியும்

இந்தியக் குடிமைப் பணிக்கான முதல் போட்டித் தேர்வு 1855-இல் லண்டனில் நடந்தது. கிரேக்கத்துக்கு 750 மதிப்பெண், இலத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கும் அரபு மொழிக்கும் தலா 375. தமிழ் அந்தப் பட்டியலிலேயே இல்லை. மதுரையிலும் தஞ்சாவூரிலும் கலெக்டராகப் போய் உட்காரப்போகிறவர்களை ஹோமரையும் வெர்ஜிலையும் வைத்துத்தான் பெரும்பாலும் அளந்தார்கள். ஒக்ஸ்போர்டில் நுழைய 1920 வரை கிரேக்கம் வேண்டும், 1960 வரை இலத்தீன் வேண்டும். ஆளப் பிறந்தவர்களின் படிப்பு அது.

நான் அந்த இரண்டு மொழிகளையும் படிக்கப் போனது 1990-களில். அதற்குள் அவற்றைப் படித்தவருக்குப் பதவி தேடி வரும் காலம் முடிந்திருந்தது. முடிந்ததால்தான் என் போன்றவர்களுக்கு இடம் கிடைத்தது என்று நினைக்கிறேன். வசதியான பள்ளிகளிலிருந்து வந்தவர்களை மட்டும் நம்பியிருந்தால் துறைகளை நடத்த முடியாது என்று ஆகியிருந்தது. பள்ளியில் ஒரு சொல்கூடப் படிக்காதவர்களுக்கும் அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொடுத்தார்கள்.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை செய்துகொண்டிருந்தார். "உதைப் படிச்சா ஆர் பிள்ளை வேலை தருவினம்?" என்று கேட்டார். அம்மாவுக்கு வேறு குழப்பம். "இலத்தீன் சுவாமிமார் படிக்கிறதெல்லோ? நாங்கள் சைவம் அல்லோ?" இருவரும் கேட்டவை நியாயமான கேள்விகள். பூசை இலத்தீனில் நடந்த நாட்களில் அம்மா தன் ஊர்த் தேவாலயத்து வாசலில் நின்று அதைக் கேட்டிருக்கிறார். எனக்கோ அந்தப் பழைய வாக்கியங்களுக்குள் போக வேண்டும் என்ற ஆசையைத் தவிரச் சொல்வதற்கு ஒரு பதிலும் இல்லை.

போனபோது நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. கூடப் படித்த ஆங்கிலேயப் பிள்ளைகள் வேற்றுமைகளைக் கண்டு திணறினார்கள். பெயர்ச்சொல்லின் வால் மாறினால் பொருள் மாறும் என்பதே அவர்களுக்குப் புதிது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எட்டு வேற்றுமையையும் தலையாட்டி ஒப்பித்தவளுக்கு இலத்தீனின் ஆறும் கிரேக்கத்தின் ஐந்தும் குறைவாகவே தெரிந்தன. கருவியைச் சொல்லும் மூன்றாம் வேற்றுமை, நீங்கலைச் சொல்லும் ஐந்தாவது, இடத்தைச் சொல்லும் ஏழாவது ஆகிய மூன்றின் வேலையையும் இலத்தீன் ஒரே உருபில் ஏற்றிவிடுகிறது என்று புரிந்த நாளில் பெரிய மகிழ்ச்சி. வினைமுற்று கடைசியில் வருவதும் எனக்கு ஒரு தொல்லையாக இல்லை. வாக்கியம் முடியும்வரை காத்திருப்பது நம் வீட்டுப் பழக்கம்.

ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது இலக்கணமல்ல, பாடபேதம் பார்க்கும் வகுப்பு. கட்டுல்லஸ் என்ற கவிஞர் கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில் எழுதியவர். அவருடைய கவிதைகள் ஏறக்குறைய முழுவதுமே ஒரே ஒரு சுவடி வழியாகத்தான் தப்பின. அது 1300-ஐ ஒட்டி இத்தாலியின் வெரோனா நகரில் வெளிப்பட்டது, பிறகு தொலைந்துபோனது. அதன் வழிவந்த 14-ஆம் நூற்றாண்டுப் படிகள் மூன்று மிஞ்சின. ஒன்று ஒக்ஸ்போர்டில், ஒன்று பாரிஸில், ஒன்று வத்திக்கானில். வத்திக்கான் படி நூலகத்துக்குள்ளேயே யார் கண்ணிலும் படாமல் கிடந்து 1896-இல்தான் அடையாளம் காணப்பட்டது. இந்த மூன்றையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, கையில் இல்லாத மூலச் சுவடியில் என்ன இருந்திருக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு ஆசிரியர் சொல்லித்தந்த முதல் விதியை இன்றுவரை மறக்கவில்லை. இரண்டு படிகள் சரியான பாடத்தில் ஒத்துப்போனால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. சரியானதை யாரும் சரியாக எழுதலாம். ஒரே பிழையில் ஒத்துப்போனால்தான் அவை ஒரே தாயின் பிள்ளைகள். அடுத்தது, ஒரு படியைப் பார்த்து எழுதிய இன்னொரு படி தனிச் சாட்சி ஆகாது. ஒரு தாயிலிருந்து நூறு படி எடுத்தாலும் சாட்சி ஒன்றுதான். மூன்றாவது, படியெழுதுகிறவர் தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாக மாற்றிவிடுவார். அரிதான சொல் வழக்கமான சொல்லாகும், கேள்விப்படாத ஊர் கேள்விப்பட்ட ஊராகும். ஆகவே இரண்டில் எது விசித்திரமாக இருக்கிறதோ அதற்கு முதலில் காது கொடுக்க வேண்டும்.

இதைக் கற்ற பிறகுதான் உ.வே.சாமிநாதையர் செய்த வேலையின் கனம் எனக்கு உறைத்தது. அவர் பிறந்ததும் அதே 1855-இல். அந்தத் தேர்வின் பட்டியலில் இடமில்லாத மொழிக்காக ஊர் ஊராக ஏடு தேடி, பிரதிகளை ஒப்பிட்டு, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். இலத்தீனுக்கு ஐரோப்பாவில் பல தலைமுறைப் பேராசிரியர்கள் செய்ததைக் கும்பகோணத்தில் ஒரு கல்லூரி ஆசிரியர் செய்தார்.

பட்டத்துக்குப் பிறகு வந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தட்டச்சு வேலை, தொலைபேசி வேலை, மறுபடியும் தட்டச்சு. கூடப் படித்தவர்களில் ஒருவர் கணக்காளரானார், ஒருவர் பள்ளி ஆசிரியர். எங்கள் துறையில் எல்லோரும் சொல்லும் பெரிய பெயர்கள் இரண்டு. ஒன்று ஹௌஸ்மன். 1881-இல் ஒக்ஸ்போர்டின் இறுதித் தேர்வில் தோற்று, பத்து வருடம் காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்து, மாலைகளில் நூலகத்தில் படித்து, 1892-இல் லண்டனில் இலத்தீன் பேராசிரியரானவர். மற்றவர் டோனி ஹோர். ஒக்ஸ்போர்டில் இந்த மொழிகளையும் தத்துவத்தையும் படித்துவிட்டுக் கணினிப் பக்கம் போய், குவிக்சோர்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்து, 1980-இல் டூரிங் விருது பெற்றவர். இரண்டு கதைகளும் எனக்குப் பிடிக்கும். ஆனால் என்னை வழிநடத்தியது ஹௌஸ்மன் 1921-இல் ஆற்றிய ஓர் உரை. பிழை திருத்த இயந்திர விதி எதுவும் கிடையாது, ஒவ்வோர் இடத்தையும் அந்த இடத்துக்காகவே தனியாக யோசிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

பிறகு ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் தமிழ் தெரிந்த ஆள் தேவை என்று சேர்ந்தேன். புகலிடம் கேட்டு வந்தவர்களின் கோப்புகள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி ஒரு கோப்பைச் சொல்கிறேன்.

2008-இன் தொடக்கத்தில் விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் வீட்டுக்கு வந்து தன்னைக் கட்டாயமாகக் கூட்டிப்போனதாக ஒருவர் சொல்லியிருந்தார். "கேஸ் றிஜெக்ட் ஆகிட்டுது அக்கா" என்று கடிதத்தை நீட்டினார். மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணம் தெளிவாக இருந்தது. அவர் வீடு வவுனியாவில். வவுனியா அப்போது அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில். அங்கே அப்படி நடந்திருக்க வாய்ப்பில்லை. விரிவான நேர்காணலில் அவர் வேறு ஊர்ப் பெயரைச் சொன்னது பிற்பாடு செய்த திருத்தம். வவுனியா என்பது முதல் நேர்காணல் குறிப்பு, பழைய வக்கீல் தயாரித்த வாக்குமூலம், மருத்துவர் அறிக்கை ஆகிய மூன்றிலும் இருக்கிறது. மூன்று ஆவணங்கள் ஒரு பக்கம், அவர் வாய் ஒரு பக்கம்.

விரிவான நேர்காணலில் அவர் சொன்ன ஊர் வவுனிக்குளம். முல்லைத்தீவு மாவட்டத்தில், பெரிய குளத்தை ஒட்டிய விவசாயக் கிராமங்கள். அந்த மாதங்களில் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி. அங்கே அது நடக்கும்.

மூன்று ஆவணங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஊர்ப் பெயரை விட்டுவிட்டு மற்ற பிழைகளைத் தேடினேன். அவருடைய தாயின் பெயரில் நடுவே ஓர் எழுத்து விழுந்திருந்தது, மூன்றிலும் அதே எழுத்து. தங்கையின் பிறந்த வருடம் தவறு, மூன்றிலும் அதே தவறு. மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டு எழுதியிருந்தால் இப்படி ஒத்து வராது. வாக்குமூலம் முதல் குறிப்பைப் பார்த்து எழுதப்பட்டது. மருத்துவர் வாக்குமூலத்தைப் பார்த்து எழுதினார். இருந்தது ஒரே சாட்சி, ஒரு தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் வழியாக அவசரத்தில் தட்டப்பட்ட குறிப்பு. வவுனிக்குளம் என்ற பெயரை வாழ்நாளில் கேட்டிராத ஒருவர் தனக்குத் தெரிந்த பெயரைத் தட்டியிருக்கிறார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் வேண்டியதில்லை. வெரோனாச் சுவடியைப் படியெடுத்தவர்களும் இதையேதான் செய்தார்கள்.

பிழைகளை அட்டவணை போட்டு, எது எதிலிருந்து வந்தது என்று ஒரு கிளைப்படம் வரைந்து மேல்முறையீட்டில் இணைத்தோம். நீதிபதி அதை நிதானமாகப் படித்தார். மூன்று ஆவணங்களையும் ஒன்றாகவே கொள்வதாகத் தீர்ப்பில் எழுதினார். அவருக்குப் புகலிடம் கிடைத்தது.

முரண்பாடு இருந்தால் பொய் என்பது அலுவலகங்களின் வழக்கம். முரண்பாடு இருந்தால் இடையில் ஒரு கை இருக்கிறது, அந்தக் கை யாருடையது என்று முதலில் தேடு என்பது எனக்குக் கிடைத்த பயிற்சி. ஒருவருடைய வாழ்க்கை நான்கு பேர் காது வழியாகவும் ஐந்து பேர் விரல் வழியாகவும் போய்த்தான் காகிதத்துக்கு வருகிறது. முடிவெழுதும் அதிகாரிகள் எல்லோருக்கும் இந்தப் பயிற்சி தரப்பட வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு காலத்தில் நம்மை ஆள அனுப்பப்பட்டவர்கள் எழுதிய பாடம்தானே. இன்றைக்கு அது வாசலில் நிற்பவர்களுக்கும் கொஞ்சம் பயன்படட்டும்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் இளம் வழக்கறிஞர்களுக்குக் கட்டுல்லஸின் ஒரே கவிதையை மூன்று படிகளிலிருந்தும் எழுதித் தருகிறேன். இலத்தீன் தெரியத் தேவையில்லை, எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டால் போதும். எந்த இரண்டு ஒரே பிழையைச் செய்கின்றன என்று கேட்பேன். பாரிஸும் வத்திக்கானும் ஒரு பக்கம், ஒக்ஸ்போர்டு தனி என்று மதியச் சாப்பாட்டுக்குள் பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுகிறார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து கோப்புகளை எடுக்கிறோம்.