கூட்டல் குறி செய்த குற்றம்

மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்கு முன்னால் என்னென்ன வரலாம் என்பதில் 2008-இல் வெளியான இணைய விதிமுறை ஆவணங்களான ஆர்.எஃப்.சி. 5321, 5322 இரண்டுமே தாராள மனசுக்காரர்கள். கூட்டல் குறி, ஆச்சரியக்குறி, டாலர் எல்லாம் செல்லும். இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் இடைவெளிகூடச் செல்லும். 64 பைட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! பதிவுப் படிவம் கூட்டல் குறியைக் கண்டதுமே 'செல்லாத முகவரி' என்று சிவப்பு எழுத்தில் விரட்டும். சில படிவங்கள் இன்னும் கெட்டி. சேரும்போது அந்தக் குறியை வரவேற்கும்; விலக நினைத்தால், இணைப்பில் அதை இடைவெளியாக்கிவிட்டு, "அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை" என்று கைவிரிக்கும். இல்லாத அந்த ஆளுக்கு மறுநாளும் விளம்பரம் தவறாமல் வரும்.

தமிழிலேயே முகவரி வைத்துக்கொள்ள 2012-இலேயே ஆர்.எஃப்.சி. 6531 வழிசெய்துவிட்டது. ஆனால் கடிதத்தை வாங்கிக் கைமாற்றும் ஒவ்வொரு சர்வரும் அதற்குச் சம்மதிக்க வேண்டும். வழியில் ஒன்று முரண்டு பிடித்தாலும் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அட்மினோ லாகைப் பார்த்துவிட்டு, "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்பார்.

படிவம் எழுதும் புண்ணியவான்களே, @ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு ஓர் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் அனுப்புங்கள். முகவரி சரியா என்பதைச் சொல்ல வேண்டியது பெறுகிற சர்வர், உங்கள் படிவமல்ல.