அக்ரிமெண்ட்டில் இருப்பவர் வீட்டில் இல்லை

சென்னையிலிருந்து கூடூர் போகும் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி ரயில் நிலையம் ஆரம்பாக்கம். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். எல்லையைத் தாண்டினால் தடா, அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டி. இரண்டு மாநில ஆலைகளுக்கும் ஷிஃப்ட் போகும் இளைஞர்கள் நான்கு பேராகச் சேர்ந்து ஒரு போர்ஷனைப் பிடிப்பது இங்கே வழக்கம். வீட்டுக்கார அம்மா நால்வரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, நெற்றியில் விபூதி வைத்திருப்பவன் பெயரில் அக்ரிமெண்ட் போடச் சொல்வார். ஆறு மாதத்தில் அந்த விபூதிக்காரன்தான் கூடுதல் சம்பளத்துக்கு ஒரகடம் போவான்.

காகிதத்தின்படி அவன் இன்னும் இங்கேதான் குடியிருக்கிறான். மிச்சமுள்ள மூவரும் அவன் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்.

வாடகை ஒழுங்காகப் போகும்வரை இதில் யாருக்கும் நஷ்டமில்லை. மூவரில் ஒருவனுக்கு கேஸ் இணைப்போ வங்கிக் கணக்கோ தேவைப்பட்டு, முகவரிச் சான்று கேட்கும்போதுதான் வீட்டில் பூகம்பம். “பேரை மாத்திக் குடுங்கம்மா” என்று போய் நின்றால், “யார் பேர்ல இருக்குதோ அந்தத் தம்பி வந்து கையெழுத்துப் போடட்டும்ப்பா” என்பார். நியாயம்தான். அந்தத் தம்பிக்கோ ஞாயிறு மட்டும்தான் லீவு. அன்றைக்கு போனை எடுக்க மாட்டான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அதிலிருந்து தப்பிக்கவே நம் ஊரில் வாடகை வருடத்துக்கு 11 மாதம்தான். 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் (இயற்றியது 2017-ல்) இந்தச் சாமர்த்தியத்தை மதிக்கவில்லை. 11 மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். ஒன்றரை அறை போர்ஷனுக்கு இவ்வளவு பெரிய மரியாதை!

அதே சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. வாடகைதாரர் இறந்துபோனால், மிச்சமிருக்கும் காலத்துக்கு ஒப்பந்தம் வாரிசுகளுக்குத் தானாகவே பொருந்தும். உயிரோடு வேறு ஊருக்குப் போய், உரிமையை அறைத் தோழனிடம் விட்டுச் செல்ல நினைத்தால் மட்டும் துணை ஒப்பந்தம் வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். நடைமுறையில் யாரும் துணை ஒப்பந்தத்தைத் தேடுவதில்லை. பழையதை ரத்து செய்து, புதுப் பெயரில் புதுப் பத்திரம் எழுதிவிடுகிறார்கள். தடாவில் ஏதோ வேலையாகப் போனவன் அங்கேயே முத்திரைத்தாளும் வாங்கி வந்தால் வம்பு. அது ஆந்திர அரசுக்குக் கட்டிய காசு. இந்தப் பக்கத்து வீட்டுக்கு உதவாது.

மும்பையின் பழைய பகடி வீடுகளில் பெயர் மாற்றமே ஒரு வியாபாரம். குடியிருப்பவர் தன் உரிமையை விலைக்குக் கொடுப்பார், வீட்டுக்காரர் அதில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு ரசீதில் புதுப் பெயரை எழுதுவார். இங்கிலாந்தில் 2019-ம் ஆண்டின் சட்டம், இப்படி ஆள் மாற்றித் தருவதற்குப் பொதுவாக 50 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. நம் பக்கம் அப்படிக் கட்டணமெல்லாம் கிடையாது. பெயிண்ட் காசு உண்டு.

காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை பெயிண்டுக்கென்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது நம் வீட்டுக்காரர்கள் எழுதாமலே நிறைவேற்றிக்கொண்ட சட்டம். இப்போது காலி செய்வது யார்? வீடு காலியாகவில்லை; பாத்திரம், பாய், கொடியில் துணி எல்லாம் அப்படியே இருக்கின்றன. போனது ஒரு பெயர். அது சுவரில் ஆணி அடித்ததா? ஒரகடத்திலிருந்து வந்த விபூதிக்காரன், அட்வான்ஸ் முழுவதும் கைக்கு வந்தால்தான் கையெழுத்து என்கிறான். புதுப் பெயர்க்காரனோ, தான் இன்னும் காலியே செய்யவில்லையே என்கிறான். பழைய பெயர் போனது போனதுதானே என்கிறார் வீட்டுக்கார அம்மா. துணை ஆட்சியர் வரைக்கும் போக வேண்டிய வழக்கு, வாசல் படியிலேயே பாதிக்குப் பாதி என்று தீர்கிறது. அந்தப் பாதிக் காசில் வீட்டுக்கார அம்மா பெயிண்டும் வாங்குகிறார், மாடியில் தன் போர்ஷனுக்கு.