சோக்கும் சாஃப்ட்வேரும்

எழுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தவனைப் பணக்காரன் என்று யாரும் நினைத்ததில்லை. பாவம் என்றுதான் நினைத்தார்கள். என்னிடமும் ஒன்று இருந்தது. இரண்டு இருக்கை, துணிக் கூரை, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர். கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன். அதன் அபிமானிகள் இன்னமும் உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறார்கள்.

ஜனவரிக் காலையில் அதைக் கிளப்புவது ஒரு சடங்கு. சோக்கை முழுக்க இழுத்துச் சாவியைத் திருப்ப வேண்டும். எஞ்சின் பிடித்ததும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். அவசரப்பட்டால் அணைந்துவிடும், மறந்துவிட்டால் பிளக்குகளில் கரி ஏறிவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணத்தில் தடுமாறினால், கார்புரேட்டரின் டேம்பரில் ஆயில் வற்றியிருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.

கியர்பாக்ஸ் விவகாரம் இதைவிடச் சுவை. எம்.ஜி.பி. காரில் 1967 வரை முதல் கியருக்கு, பற்களின் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோமெஷ்ஷே கிடையாது; ஓடுகிற வண்டியில் அதைப் போட ஒரே கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் எஞ்சினை உறுமவைக்க வேண்டும். என் வண்டியில் இரண்டாவது கியருக்குச் சிங்க்ரோ இருந்தும், குளிரில் அது விழாது. கெட்டியாகிப்போன ஆயில் படலத்தைக் கிழித்துக்கொண்டுதானே சிங்க்ரோ வளையம் கூம்பைப் பற்ற முடியும்?

தெருமுனை ஒர்க்ஷாப்பில் ஒரு பெரியவர் இருந்தார். பானெட்டைத் திறக்குமுன் கேள்விகளைத் திறப்பார். ரிவர்ஸ் போடும்போதும் கரகரக்கிறதா? அப்படியானால் கிளட்ச் முழுதாக விடவில்லை. இரண்டாவதில் மட்டுமா? சிங்க்ரோ தேய்ந்திருக்கும். சூடானதும் சரியாகிவிடுகிறதா? முதலில் ஆயிலை மாற்று. நியூட்ரலில் வரும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸ் பேரிங். மிதித்த பிறகு கிளம்பினால் ரிலீஸ் பேரிங். கருவி என்று பார்த்தால் நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவர். நுனியைக் கியர்பாக்ஸ்மேல் ஊன்றிப் பிடியில் காதை வைத்துக் கேட்பார்.

இன்றைய என் காரில் கிளட்ச் இரண்டு. மிதிக்கத்தான் பெடல் இல்லை. காலையில் கிளப்பியதும் 1,200 சுற்றுக்கு மேல் உறுமுகிறது. அன்றைய கணக்கில் இது சோக் சிக்கிக்கொண்ட வண்டி. இன்று இது கம்ப்யூட்டரின் உத்தரவு. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஏறக்குறைய 300 டிகிரிக்குச் சூடானால்தான் புகையை ஒழுங்காகச் சுத்தம் செய்யும். அதற்காகத் தீப்பொறியைத் தாமதப்படுத்தி, வெப்பத்தைப் புகைக்குழாய்க்குத் திருப்புகிறார்கள். ஆக, சுற்றுச்சூழலைக் காக்க என் வண்டி தினமும் தெருவையே எழுப்புகிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சைலன்சர் படபடவென வெடிப்பது அன்று வியாதி. இணைப்பில் எங்கோ காற்று நுழைகிறது என்று அடியில் படுத்துத் தேடுவோம். இன்று அந்தச் சத்தத்துக்குத் தனிப் பொத்தான். அதற்குத் தனிக் காசும் உண்டு!

வியாதிகளே வசதிகளாகிவிட்ட இந்த வண்டியிலும் எனக்கென்று ஒரு கோளாறு கிடைத்தது. குளிரில், முதல் கியரிலிருந்து இரண்டாவதற்குப் போகும்போது ஒரு குலுக்கல். சர்வீஸ் சென்டரில் காபி கொடுத்து உட்காரவைத்தார்கள். கசங்காத சட்டை போட்ட இளைஞர் லேப்டாப்பைச் செருகினார்.

"பிழைக் குறியீடு எதுவும் இல்லை."

"ஆனால் குலுங்குகிறதே?"

"குறியீடு இல்லையே."

அவர்மேல் குற்றமில்லை. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல் கட்டாயமான, வண்டிக்குள்ளேயே கோளாறைக் குறித்துவைக்கும் ஓ.பி.டி. ஏற்பாடு, புகையைக் கெடுக்கும் கோளாறுகளைப் பிடிக்கப் பிறந்தது. சிலிண்டர்கள் தாறுமாறாக எரியத் தவறினால் பி0300 என்று எழுதிவைக்கும். என் முதுகு குலுங்குவதை அது ஏன் எழுதவேண்டும்? ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். அங்கே போய்ச் சேர்வதற்குள் வண்டி சூடாகியிருந்தது, பட்டுப்போல் ஓடியது. "இந்த மாடலின் இயல்பு" என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

வேறொரு சின்ன ஒர்க்ஷாப்பில், லேப்டாப்பைத் தொடுமுன் அங்கிருந்த மெக்கானிக் பெண் கேட்ட முதல் கேள்வி: "குளிரிலா, சூட்டிலா?" கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றி, கிளட்சுகள் எந்த இடத்தில் பற்றுகின்றன என்பதைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுத்தாள். குலுக்கல் பெருமளவு போய்விட்டது.

குளிரில் மட்டும் தலைகாட்டும் கோளாறு உங்கள் வண்டியிலும் இருந்தால், அதைக் காலையில் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். முந்தின மாலையே ஒர்க்ஷாப்பில் விட்டுவிடுங்கள். காலையில் அவர்களே கிளப்பிப் பார்க்கட்டும்.