சுவரேறும் இருமல்

குளுவாங் சிறையில் ஒருவர் இருமினால், சிகாமட்டில் இருக்கும் எனக்கென்ன? கைதிகளின் எக்ஸ்ரேவைப் பார்க்கச் செயற்கை நுண்ணறிவு எதற்கு?
– ஒரு வாசகர், சிகாமட்

கம்பி கைதியைத் தடுக்கும், காற்றைத் தடுக்குமா? காவலரும், பார்க்க வந்த தாயும், விடுதலையானவரும் அதே காற்றைச் சுவாசித்துத்தான் வீடு திரும்புகிறார்கள். காஜாங் சிறையில் நடந்த ஆய்வில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் காற்றில் பரவும் காசநோயின் கிருமி உடலில் உறங்கிக்கொண்டிருந்தது. 2019இல் உலகச் சிறைகளில் காசநோய் தாக்கியதாக மதிப்பிடப்பட்ட சுமார் 125,000 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் கண்டறியப்படவே இல்லை. எக்ஸ்ரேவைப் படிக்க மருத்துவர் போதாத இடத்தில் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கைகொடுக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் அதைப் பரிந்துரைத்தது. இயந்திரம் தவறாதா? தவறும். அதனால்தான் அது சந்தேகத்தை மட்டுமே எழுப்புகிறது. தீர்ப்பைச் சளிப் பரிசோதனை சொல்கிறது.

நீதிமன்றம் விதித்தது சிறைத்தண்டனை. நோயையும் சேர்த்து அல்ல.