தெருப்பூனை வரவு: நடைமுறைகளும் விளைவுகளும்

தெருப்பூனை ஒன்று தென்பட்டால் முதலில் தீர்மானிக்க வேண்டியது, அது வழி தவறி வந்ததா, வழி தெரிந்து வந்ததா என்பது. மீன் கழுவும் நேரம் பார்த்துக் கொல்லைப்புறத்தில் ஆஜராகும் பூனையை ஆதரவற்றது எனக் கொள்வதற்கில்லை. கழுத்தில் பட்டை இருந்தால் அதற்கு வீடு உண்டு. ஒரு காதின் நுனி மட்டும் நேராக வெட்டப்பட்டிருந்தால், கருத்தடை செய்து திரும்ப விடப்பட்ட பூனை. இரண்டும் இல்லாவிட்டாலும் நான்கு வீடு தள்ளி வேறொரு பெயரில் அது சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

குட்டி தனியே கிடந்தால் விஷயம் தத்துவத்துக்குள் போய்விடுகிறது. பூனை தன் குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பது ஊர் வழக்கு. ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போவதால், பரணில் கத்தும் குட்டி கைவிடப்பட்டதாக இல்லாமல், முறைக்குக் காத்திருப்பதாகவும் இருக்கலாம். தாயைப் பற்றிக்கொள்ளும் முயற்சியைக் குரங்குக்குட்டி தானே செய்ய வேண்டும் என்பது வைணவத்தில் வடகலையார் காட்டும் மர்க்கட நியாயம். பூனைக்குட்டி சும்மா கிடந்தால் போதும், தாயே தூக்கிச் செல்லும் என்பது தென்கலையாரின் மார்ஜார நியாயம். இடையில் புகுந்து குட்டியை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு ஓடும் வீட்டுக்காரருக்கு இரண்டு கலையிலும் இடமில்லை. அவர் சில மணி நேரம் தள்ளி நின்று பார்ப்பதே முறை. தாய் வரவே இல்லையென்றால், குட்டிக்கு முதல் தேவை சூடு. உடம்பு சில்லிட்டிருக்கும்போது ஊட்டக் கூடாது. துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் அருகில் இருக்கட்டும்.

அடுத்தது உணவு. தமிழ்நாட்டின் தேசியப் பிழை இங்கேதான் நிகழ்கிறது: ஒரு கிண்ணம் பால். கம்பர் அவையடக்கத்தில் தம்மைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூசையாக, அதாவது பூனையாகச் சொல்லிக்கொண்டார். வளர்ந்த பூனைகள் பெரும்பாலானவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காது. ஆகவே அந்தப் பூசையின் பிற்பகல் காப்பியத்தில் இடம்பெறவில்லை. உப்பில்லாமல் அவித்து முள் நீக்கிய மீனோ கோழியோ போதும். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு என்பதால் குழம்பிலிருந்து எடுத்துப் போடுவது உதவியாகாது. பாயசமும் வீண், பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது. பால்குடி மறக்காத குட்டிக்கு மட்டும் அதற்கென விற்கும் பால்மாவைக் கரைத்துக் கொடுக்கலாம்.

கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் நீரில் சோப்பு போட்டுப் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். இதில் ஆய்வுக்கு இடமில்லை.

கோணிப்பையில் கட்டி மீன் சந்தையில் விட்டுவரும் முறை பழமையானது. வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். விட்டவருக்கு முன்பே பூனை வீடு சேர்வதும் உண்டு. சட்டம் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

எஞ்சியிருப்பது பெயர். பெயர் வைக்கும்வரை பூனை விருந்தாளி. வைத்தபின் குடும்ப உறுப்பினர். அவசரத்தில் பாலினம் பிசகுவது சகஜம். கறுப்பு, வெள்ளை, செம்பழுப்பு மூன்றும் கலந்த பூனை ஏறக்குறைய எப்போதும் பெண். அதற்கு முருகேசன் என்று பெயரிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஐந்து மாதத்திலேயே சினைப்படக் கூடும், சினைக்காலமோ ஒன்பது வாரம். சினைப்படுவதற்குள் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்துவிட வேண்டும். தள்ளிப்போடுபவர்கள் அலமாரியையாவது சாத்திவைப்பது நல்லது. பேறுகாலத்தில் முருகேசன் இருட்டான, மெத்தென்ற இடம் தேடும். பட்டுப்புடவை அடுக்கில் இரண்டும் உண்டு.