ஆளைப் பார்க்கும் அண்ணாச்சி

"பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல என்னவே கட்சி? ஆளைத்தான் பாக்கணும்" என்பார் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம் டீக்கடைக்கு ஒருவராவது இப்படி உண்டு. சட்டமும் அவர் பக்கம்தான். கிராம ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ என்று எதையாவது கொடுப்பார்கள். பூட்டு சாவி எந்தக் கட்சி, ஆட்டோ எந்தக் கட்சி என்று பால்வாடிப் பிள்ளையும் சொல்லிவிடும், அது வேறு விஷயம்.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அண்ணாச்சி ஊர்க்காரியம் ஒன்றும் விசாரிக்கமாட்டார். "ஒங்க ஆச்சி பொறந்தது எந்த ஊரு?" என்று ஆரம்பிப்பார். மூன்றாவது கேள்வியில் சாதி விளங்கிவிடும். நான்காவதில் பங்காளியா, சம்பந்தம் பண்ணுகிற வகையா என்பது. அப்புறம் கோயில் கொடைக்கு வரி பாக்கி உண்டா, தன் தகப்பனார் காரியத்துக்கு வந்தாரா, வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் போனாரா என்று போகும். குடிதண்ணீர், தெருவிளக்கு என்று பேச்சு வருவதற்குள் டீ ஆறிப்போகும். 2016 முதல் 2021 வரை தேர்தலே நடக்காமல் தனி அலுவலர் கையில் ஊர் இருந்ததே, அப்போது அந்த அலுவலருடைய ஆச்சி ஊரையும் விசாரித்து வைத்திருந்தார்.

2021 அக்டோபரில் ஒருவழியாகத் தேர்தல் வந்தது. சாவடியில் நாலு சீட்டு. வார்டுக்கு வெள்ளை; நின்றது மச்சினர், பேச்சே இல்லை. தலைவருக்கு இளஞ்சிவப்பு, பங்காளிகள் இரண்டு பேர் நின்றதில், முந்தின ராத்திரி கவரோடு வந்தவர் நெருங்கின பங்காளி ஆகிவிட்டார். ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை. இதில் கட்சிச் சின்னம் உண்டு. "ஆளுங்கட்சிக்காரன் ஜெயிச்சாத்தான் ரோடு வரும்" என்று குத்தினார். கேட்டால், அது கட்சி பார்ப்பதில்லையாம், ரோட்டைப் பார்ப்பதாம். மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நிற்பது ஆணா பெண்ணா என்றுகூட அண்ணாச்சிக்குத் தெரியாது. தகப்பனார் காலத்திலிருந்து குத்திவரும் சின்னத்தைத் தேடிக் குத்திவிட்டு வந்தார்.

"ஆளைத்தான் பாக்கணும்னு சொன்னீய அண்ணாச்சி?"

"ஆளைத் தெரிஞ்சாத்தானவே பாக்க முடியும்!"

முடிவு வந்ததும் ஜெயித்தவர் வீட்டில் முதல் துண்டு போட்டது அண்ணாச்சி. தோற்றவர் வீட்டுக்கும் போய், "ஒமக்குத்தான் குத்தினேன், ஊரு சரியில்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். அதைத் தோற்றவரும் நம்பினார்.

அடுத்த கோடையில் குழாயில் தண்ணீர் நின்றது. டீக்கடையில் அண்ணாச்சி சத்தம் தெருமுனைவரை கேட்டது: "இந்தக் கட்சிக்காரனுவளே இப்படித்தான்வே!"

தலைவர் ஜெயித்தது பூட்டு சாவியில்.