மூன்றாவது கதவு

கேள்வி: மகாபொல உதவித்தொகைக் காசு மாதம் பாதியிலேயே கரைந்துவிடுகிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் படித்த நீங்கள் எப்படித்தான் சமாளித்தீர்கள், அண்ணா?
– பல்கலைக்கழக மாணவி, யாழ்ப்பாணம்

பதில்: அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசே கையை விரித்தது. செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 95 வீதத்தை நெருங்கியது. எல்லாம் ஏற, எங்கள் உதவித்தொகை மட்டும் 5,000இலேயே நின்றது.

ஒரு சோற்றுப் பார்சலை மூன்று பேர் பிரித்தோம். பிரிப்பவனுக்கு எப்போதும் கணக்குப் பிழைக்கும்; தன் பங்கைத்தான் குறைத்துப் போடுவான். அவனை இன்றைக்கும் மறக்கவில்லை. நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. மண்ணெண்ணெய் வரிசையில் நின்று படித்த பாடம் சோதனையில் மறக்காமல் வந்தது. வரிசை அவ்வளவு நீளம், மூன்று தரம் திருப்பிப் படிக்கலாம்!

தங்கச்சி, பசியை மறைத்துக்கொண்டு படுக்காதீர்கள். பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள். அங்கேயும் பானை காலியென்றால், இரண்டு பேருமாகப் போய் மூன்றாவது கதவைத் தட்டலாம்.